கண்ணாடி அறை நாற்காலிக்கு வராதே

பெஜவாடாவில் இருக்கும் என் மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ வர வேண்டாம்.

(அண்ணா, சொல்வது அப்பா, எழுதுவது நான், உன் தங்கை. இன்று வெள்ளிக்கிழமை, அப்பாவின் கம்பெனிக்கு வார விடுமுறை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். அவர் பேச்சு வழக்கில் சொல்கிறார்; நான் அதை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுகிறேன். எடுத்த எடுப்பிலேயே ‘வர வேண்டாம்’ என்று எழுதலாமா, முதலில் நலம் விசாரிக்கலாமே என்று கேட்டேன். “நீ நலம் விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் மூட்டை கட்டிடுவான். எழுது” என்றார். இப்படி அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என்னுடையது. மற்றதெல்லாம் அப்பா.)

கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, சூப்பர்வைசர் என்ற பெயர், நான் வேலையை விட்ட பிறகும் கம்பெனியின் இந்த லைன் வீடு நமக்கே. மானேஜர் உனக்கு இப்படியெல்லாம் எழுதியிருக்கிறார். நீயும் மகிழ்ந்துபோய், மோட்டார் பட்டறையில் சொல்லிக்கொண்டு அடுத்த மாதமே வந்துவிடுகிறேன் என்று எழுதிவிட்டாய். இந்தக் கம்பெனியில் அப்பன் எழுந்த இடத்தில் மகன் உட்காருவதுதான் வழக்கம். எனக்குக் கண் மங்குகிறது, மணிக்கட்டு வீங்குகிறது, ஒரு காது மந்தமாகிவிட்டது. நான் எழுந்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. எல்லா அப்பன்களும் செய்வதைப்போல உன்னைக் கூப்பிட்டு என் இடத்தைத் துடைத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் உன் கடிதத்தைப் பாப்பா படித்துக் காட்டியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்மேல் கோபமில்லை. யார்மேல் என்று சொல்கிறேன்.

நீ அந்த மானேஜரை ஆயுத பூஜையன்று மட்டும்தான் பார்த்திருக்கிறாய். அன்று அவர் சந்தனம் பூசிக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே பொரியும் கடலையும் அள்ளிக் கொடுப்பார். “இவன் நல்லா வருவான்” என்று உன் தலையைத் தடவியதை நீ இன்னும் மறக்கவில்லை. ஆனால் அன்று சுத்தியல்களுக்கெல்லாம் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்திருப்போம். சுத்தியல் ஓடும் நாளில் அவரை நீ பார்த்ததில்லை. நானும் வீட்டில் வந்து சொன்னதில்லை. உடம்பின் கரியைக் குழாயடியில் கழுவிவிட்டு உள்ளே வருகிறேன் அல்லவா, அதோடு அவரையும் கழுவிவிட்டு வருவதாகத்தான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் கொட்டகையில் நடப்பது இதுதான். தகரத்தை வெட்டி மடித்துப் பெட்டியாக்கி எங்களிடம் தள்ளிவிடுவார்கள். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கீலும் கொண்டியும் வைத்து ஆணி அடிப்போம். ஆளுக்கொரு பட்டடை, அதாவது அடி வாங்கும் இரும்புக்கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குரல் உண்டு. என்னுடையது கணீரென்று இருக்கும். பக்கத்தில் காதர் பாயின் கட்டை சளி பிடித்த தொண்டைபோல இருக்கும். கொட்டகையின் ஓரமாகப் படியேறினால் மானேஜரின் கண்ணாடி அறை. கண்ணாடி போட்டிருந்தாலும் அவர் எங்களைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். யாருடைய கட்டை நின்றது என்று அவருக்குத் தெரியும். நின்றால் இறங்கி வருவார்.

“ஏன் நின்னுச்சு?” என்பார். ஆணி எடுத்தேன் சார் என்றால், “எடுக்கறது இடது கைதானே, வலது கைக்கு என்ன கேடு?” என்பார். தண்ணீர் குடித்தேன் என்றால், “வீட்டிலேயே குடிச்சுட்டு வரக்கூடாதா?” ஒருவன் தும்மினேன் சார் என்றான். “தும்மறதுக்குக் கையா வேணும்?” என்றார். சுத்தியல் பிடியில் கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும், சாப்பாட்டுத் தூக்கின் கைப்பிடி எந்தச் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், கால் மடக்கும்போது எந்தக் கால் மேலே என்றெல்லாம் சொல்லுவார். நேற்று சொன்னதற்கு நேர்மாறாக இன்று சொல்லுவார். இரண்டையும் நாம் கேட்டு நடக்க வேண்டும். நல்ல பெட்டி ஒன்றை எடுத்து, கீல் சரியில்லை, பிரி என்பார். பிரித்து அதே ஆணியை அதே ஓட்டையில் அடித்துக் கொடுத்தால், “இப்பப் பார், எப்படி இருக்கு” என்று தட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறிப்போவார். அவர் போன பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும்போல இருக்கும். அடிக்கவில்லை. எத்தனை பெட்டிகளை இப்படி மனதுக்குள் நொறுக்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் பயந்து நாங்கள் ஒரு வித்தை கற்றுக்கொண்டோம். ஆணியை ஓட்டையில் நிறுத்தும்போதும் வெறும் கட்டையைத் தட்டிக்கொண்டிருப்போம். வேலை மெதுவாயிற்று, சத்தம் மட்டும் நிற்கவில்லை, அவருக்குத் திருப்தி. பிறகு இன்னொன்று. யாராவது எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவன் இடது கையில் ஒரு சிறு சுத்தியலை எடுத்து அவன் கட்டையையும் சேர்த்து அடிப்பான். வலது கையால் தன் கட்டை, இடது கையால் அடுத்தவன் கட்டை. காதர் பாய் தண்ணீருக்கு எழுந்தால் நான் காதர் பாய். நான் எழுந்தால் காதர் பாய் நான். ஒரு தடவை காதர் பாய் பின்பக்கம் போய் பீடி பற்றவைத்து நிதானமாகத் திரும்பி வந்தார். “எப்படி மேஸ்திரி, நல்லா வேலை செஞ்சேனா நானு?” என்று கேட்டார். “பிரமாதம் பாய், இருக்கும்போது இப்படிச் செய்யமாட்டீங்க” என்றேன். வரிசையே சிரித்தது, கை நிற்காமல் சிரித்தது. உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கும் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

(இதுவரை எழுதியதை அப்பா ஒவ்வொரு பத்தியாகப் படித்துக் காட்டச் சொன்னார். நான் ஒரு சொல்லுக்காகக் கொஞ்சம் யோசித்தால், “இன்னா பாப்பா, பேனா நின்னுடுச்சு?” என்கிறார். ஒரு காது மந்தம் என்கிறாரே தவிர, நின்றுபோகும் சத்தம் மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிடுகிறது. முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா உள்ளேயிருந்து சொல்கிறாள்: “அதையும் எழுது. கொட்டகையில ஒருத்தர் கேட்டுக்கினு உக்காந்திருக்காருன்னா ஊட்லயும் ஒருத்தர் உக்காந்திருக்காரு. அருவாமணை நின்னா இன்னான்னு கேக்கறாரு, அம்மி நின்னா இன்னான்னு கேக்கறாரு. நான் மூச்சு வுட்டுக்கறதுக்கும் ஒரு ஆளை வெச்சு நறுக்கணுமா?” அப்பா, “அதெல்லாம் இன்னாத்துக்கு அவனுக்கு?” என்றார். “எழுது பாப்பா” என்றாள் அம்மா. எழுதிவிட்டேன். அதை அப்பா படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு, “சரி, இருக்கட்டும். அவ சொல்றது நெஜம்தான்” என்றார்.)

இனி சொல்வதைத்தான் நான் உனக்கு எழுத நினைத்தேன். மேலே சொன்னதெல்லாம் இதற்காகத்தான்.

போன மாதம் பட்டாளத்துக்குப் போக வேண்டிய பெட்டிகள் மலைபோலக் குவிந்திருந்தன. தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் வெந்துகொண்டிருந்தோம். காதர் பாயின் சுத்தியல் நழுவி அவர் கட்டைவிரல் மேலேயே விழுந்தது. அவர் கத்தவில்லை. கையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் கட்டை நின்றது. நின்ற அந்தக் கணமே என் இடது கை சிறு சுத்தியலை எடுத்து அவர் கட்டையை அடிக்க ஆரம்பித்துவிட்டது. மகனே, நான் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்குத்தான் போகிறார் என்று நினைத்தேனா என்றால் அதுவும் இல்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. அடிபட்டபோது அவர் விரலிலிருந்து கட்டையின் மேல் சிந்தியிருந்த ரத்தம், நான் அடித்த அடியில் என் முகத்தில் தெறித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் என் இரண்டு கைகளும் அடித்துக்கொண்டிருந்தன. வரிசையின் கடைசியில் இருந்தவன் ஓடிவந்து துணியைக் கிழித்துக் கட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கட்டவில்லை.

நான் காதர் பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “நக்கோ மேஸ்திரி, அதெல்லாம் நக்கோ” என்று என் வாயை மூடினார், வேண்டவே வேண்டாம் என்பதுபோலக் கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு. “நீங்க அடிக்கலேன்னா அவர் இறங்கி வந்திருப்பார். அந்த வலிக்கு இது பரவால்லே.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மொஹரம் ஊர்வலம் பார்க்க உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன மனிதர் அவர். நீ அந்தத் தோளிலேயே தூங்கிவிட்டாய்.

அதற்கு அடுத்த வாரம் மானேஜர் என்னை மேலே கூப்பிட்டார். நான் கதவருகில் நின்றேன். என் கண்ணைப் பற்றியும் மணிக்கட்டைப் பற்றியும் விசாரித்தார். அப்போது வெளியே தகரம் ஏற்றிய மாட்டு வண்டிகள் வந்து நின்றன. இறக்குவதற்காக எல்லோரும் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. கூரையில் காக்கை நடப்பது எனக்கே, இந்தக் காதுக்கே, கேட்டது. மானேஜர் கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, “கேக்குதா? எப்படி ஓடுது பார். ஒரு கட்டை நிக்காது. இத்தனை வருஷமா நான் பழக்கின பழக்கம் அது” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்தார். உதட்டைப் பார்த்துத்தான் அவர் பேச்சைப் பிடிக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த அறையில் உட்கார்ந்து, எங்கள் சத்தத்தையே கேட்டுக் கேட்டு, அவர் காது போய்விட்டது. போய் எத்தனை நாளாயிற்றோ! பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “எனக்கும் வயசாகுது, மேஸ்திரி. இந்த அறைக்கு ஒரு நல்ல காது வேணும். படிச்ச பையன், நம்ம பையன். உன் மகனை வரச் சொல்றேன். எந்தக் கட்டை நின்னுச்சுன்னு சாயங்காலம் எங்கிட்ட சொன்னாப் போதும், வேற வேலை இல்லே” என்றார். இதுதான் மகனே, உனக்குக் கொடுக்கப்போகும் சூப்பர்வைசர் வேலை.

கீழே வந்து காதர் பாயிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். “ஹவ்? நெஜமாவா?” என்று வாயைப் பிளந்தார். “அப்போ நான் ரத்தம் சிந்தினது செவிட்டு ராஜாவுக்கா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். வண்டி இறக்கி முடிந்ததும் எல்லோரும் வந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். என் இடது கை சுத்தியலை எடுத்து அவர் கட்டையை அடித்தது. அவர் பானையருகிலேயே நின்று திரும்பிப் பார்த்தார். “கைக்கு மேஸ்திரி?” என்று கேட்டார்; அவர் பாஷையில் எதற்கு என்று அர்த்தம். “இன்னும் ஏன் அடிக்கறீங்க? அவருக்குத்தான் கேக்கலியே!” என்றார். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது மடியிலேயே தாளம் போட்டது. வெறுத்துப்போயிற்று. என் கைமேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

உன் அம்மா கேட்கிற கேள்வி நியாயமானதுதான். அதையும் எழுதச் சொல்கிறேன். “அவருக்குக் காது போச்சுன்னா நல்லதாப் போச்சு. நம்ம பையன் போய் உக்காந்தா யாரையாச்சும் காட்டிக் குடுப்பானா? எல்லாரும் நிம்மதியா தண்ணி குடிக்கட்டுமே” என்கிறாள். நானும் இரண்டு இரவுகள் இப்படித்தான் யோசித்துப் பார்த்தேன். நீ நல்ல பிள்ளை. வந்த புதிதில் ஒரு கட்டையும் நிற்கவில்லை என்றுதான் சொல்லுவாய். பெட்டி குறையும் நாளில் அவர் உன்னைக் கேட்பார். யாராவது ஒருவன் நின்றிருப்பான் அல்லவா, பெயரைச் சொல் என்பார். நீ ஒரு பெயர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உன் பெயர் வரும். யாருக்கு அதிகம் தொல்லை வராது என்று யோசிப்பாய், காதர் பாய் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்வார் என்று நினைப்பாய். அவர் உன்னைத் தூக்கியவர், கோபித்துக்கொள்ளமாட்டார். அதனாலேயே அவர் பெயரைச் சொல்லுவாய். பிறகு அது பழகிவிடும். நீ கெட்டவன் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் மட்டும் கெட்டவனா? அடிபட்ட மனிதனைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் கட்டையை அடிக்க ஓடிய கை யாருடையது? அந்த அறை இத்தனை வருடம் கீழே இருந்த எனக்கே இதைச் செய்துவிட்டது. உள்ளே போய் உட்காருபவனை என்ன செய்யும்?

பெஜவாடாவில் உனக்கு மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை, பட்டறை முதலாளி கத்துகிறான் என்று எழுதுகிறாய். கத்தட்டும். மோட்டார் ஓடினால் அவன் வாயை மூடிக்கொள்வான். வேலையைப் பார்த்துக் கத்துகிறவனிடம் இருந்துவிடலாம். ஆளையே கேட்டுக்கொண்டிருப்பவனிடம் இருக்காதே. உன் கை எப்போது நிற்க வேண்டும் என்று உன் கைக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் போனால் பிறகு எந்த டாக்டரிடம் காட்டினாலும் வராது. காதர் பாயும் நானும் சேர்ந்து முஷீராபாத் சாலையோரம் பூட்டு, பெட்டி ரிப்பேர் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

(அம்மா, “வீடு?” என்று கேட்டாள். ஒரே ஒரு சொல்தான். அப்பா எழுந்து சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். “பாப்பா, வீட்டைப் பத்தி நீ எழுது. உம் படிப்பைப் பத்தியும் நீயே எழுது. எனக்கு அதைச் சொல்ல வரலே. இன்னா தோணுதோ எழுது, வான்னு எழுதணும்னாலும் எழுது. நான் காதர் பாய் ஊட்டுக்குப் போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அண்ணா, இனி முழுக்க நான்தான். நீ வராவிட்டால் இந்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊருக்கு வெளியே பொலாரத்தில் நம் மாமா வீட்டுப் பின்கட்டு காலியாக இருக்கிறது. அங்கேதான் போவோம். என் பள்ளிக்கூடம் சிக்கந்திராபாத்தில். பொலாரத்திலிருந்து ரயில் இருக்கிறது, ஆனால் வயது வந்த பெண் தனியாக ரயிலில் போய் வருவதா என்று மாமா இப்போதே சொல்லிவிட்டார். அடுத்த வருடம் நான் மெட்ரிகுலேஷன் எழுத வேண்டும். எங்கள் டீச்சர் நான் நிச்சயம் தேறுவேன் என்கிறார். நீ வந்தால் நான் படிப்பேன். வராவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், ‘வா’ என்று எழுதத்தான் பேனாவை மையில் தோய்த்தேன். எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன். ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் யோசித்தேன். நிப்பில் மை காய்ந்துவிட்டது. உள்ளே அம்மாவின் அரிவாள்மணையும் நின்றிருந்தது. அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் நானும் அம்மாவும் ஒரே சமயத்தில் சும்மா உட்கார்ந்திருந்து எத்தனையோ காலமாயிற்று. அவ்வளவு நேரம் யோசித்த பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றியது. மாமாவோடு நான் சண்டை போட முடியும். அவர் கத்துவார், பிறகு கேட்பார். அந்தக் கண்ணாடி அறையோடு அப்பாவாலேயே முடியவில்லை.

வராதே, அண்ணா. அதற்குப் பதிலாக மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது என்று எழுது, நீ சொன்னால் அவர் கேட்பார். உடனே எழுது.

அப்பா திரும்பி வந்துவிட்டார். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். தாளைக்கூடப் பார்க்காமல், காதர் பாய் மாதிரியே கையை ஆட்டி, “நக்கோ” என்றார். கையெழுத்து மட்டும் போடுகிறார்.)

உன் அப்பா